ஒரு கரண்டி உறைமோர்

உறைமோர் கேட்டு வந்தவளை இல்லை என்று திருப்பி அனுப்பிய வீடு பாளையங்கோட்டை அடுக்குமாடிக் குடியிருப்பின் பி பிளாக்கில் கிடையாது. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள்கூட, கிண்ணத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது ஒரு கரண்டி ஊற்றிவிடுவார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். விளக்கு வைத்த பிறகு கேட்கக் கூடாது, கேட்டாலும் கிடைக்காது. அந்த நேரத்தில் தயிர் வெளியே போனால் லட்சுமியும் கூடவே படியிறங்கிவிடுவாளாம். கணக்கு டீச்சர் பிரம்மசக்திக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை இல்லை. ஆனால் அவளும் விளக்கு வைத்த பிறகு கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. நம்பாதவர்களும் அப்படித்தானே இருக்கிறோம்!

அந்தச் சின்னக் கட்டுப்பாட்டில் இருந்துதான் எல்லா வினையும் தொடங்கியது.

பிரம்மசக்திக்கு முடக்குவாதம் வந்தபோது வயது இருபத்தாறு. நிச்சயதார்த்தத்தன்று விரல் வீங்கி மோதிரம் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக்கிக்கொண்டு வருகிறோம் என்று மோதிரத்தை வாங்கிப் போனார்கள். போனவர்கள்தான். அதன்பிறகு கேட்க வந்த ஒன்றிரண்டு பேரும் அவள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்கள். நாற்பத்தைந்து வயதில் பத்து விரல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாக்பீஸ் பிடிக்க முடியாமல், எட்டாம் வகுப்புக்கு வாயாலேயே அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தாள்.

காலையில் கை விரியவே வெகுநேரம் ஆகும். அவளுக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டித் தலை பின்னிவிடுவது எதிர்வீட்டு உச்சினிமாகாளி. உச்சினிக்கு லாரி ஓட்டுகிற கணவன் மந்திரமூர்த்தி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சுபிக்ஷா. அந்தச் சுபி பாதி நாள் டீச்சர் வீட்டில்தான் கிடப்பாள். "பெரியம்மா, இன்னைக்கு எந்த விரலு ரொம்ப வலிக்கி?" என்று கேட்டு, அந்த விரலை மட்டும் தனியாகப் பிடித்து ஊதிவிடுவாள். சொந்தமென்று டீச்சருக்கு உலகத்தில் இருந்தது அந்த ஊதல்தான்.

ஊருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சி மருத்துவமனைக்கு, ஒரு புது மருந்துச் சோதனைக்காக டீச்சரைக் கூப்பிட்டவள் டாக்டர் ஹெப்சிபா. டீச்சரிடம் ஒன்பதாம் வகுப்பில் காதுத் திருகல் வாங்கியவள்.

"டீச்சர், நம்ம உடம்புல காவக்காரச் செல்லுன்னு இருக்கு. வெளியில இருந்து வார கிருமியப் பாத்தா விசிலடிக்கும். எல்லாக் காவக்காரனும் ஓடியாந்து அடிப்பான். உங்களுக்கு என்னாச்சுன்னா, வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்கான். மூட்டுல அடிச்சா உங்க வியாதி. குடல்ல அடிச்சா ரத்த ரத்தமாப் போகும். அடிக்கிற இடந்தான் வேற, விசிலு ஒண்ணுதான்."

"விசிலைப் பிடுங்கிட்டா?"

"அதுக்குத்தான் இது." ஹெப்சிபா ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் காட்டினாள். உள்ளே இருந்தது தயிர்தான். "இதுல நாங்க செஞ்ச ஒரு நல்ல கிருமி இருக்கு. குடலுக்குள்ள உக்காந்துக்கிட்டு, காவக்காரன் விசிலை எடுக்கும்போதெல்லாம் தட்டிவிட்டுரும். வாரம் ஒரு கிண்ணம். இதுல போட்டிருக்க ஒரு சர்க்கரையை விட்டா அதுக்கு வேற சாப்பாடு கிடையாது. நீங்க நிறுத்தினா அது பட்டினியில செத்துரும். அந்தப் பூட்டைப் போட்டுத்தான் வெளியவே விட்டிருக்கோம்."

கோளாறில்லாத பூட்டு. ஹெப்சிபாவும் அவளுக்கு மேலே உள்ளவர்களும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். பாளையங்கோட்டைப் பெண்கள் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தயிரைக் கழுவி ஊற்ற மாட்டார்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாம் மாதம் டீச்சருக்கு விரல் மடங்கியது. மூன்றாம் மாதம் தானே கொக்கி மாட்டிக்கொண்டாள். அன்று உச்சினி வழக்கம்போலச் சீப்போடு வந்து நின்று, பின்னி முடித்திருந்த சடையைப் பார்த்துவிட்டு, "அப்பம் எனக்கு வேலை போச்சா?" என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதும் விட்டாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம் பூனை வந்து தயிர்ச்சட்டியைக் கவிழ்த்தது. விளக்கு வைத்தாகிவிட்டது. உறை ஊற்றப் போதுமான மோர் வீட்டில் இல்லை, அந்த நேரத்தில் யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. காய்ச்சிய பால் ஆறிக்கொண்டிருந்தது. மருந்துத் தயிர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. டீச்சர் அதில் கொஞ்சம் பாலை விட்டு அலசி, கவிழ்ந்த சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டு, பாலில் ஊற்றி மூடி வைத்தாள். காலையில் கத்தியால் வெட்டலாம் போலத் தயிர் தோய்ந்திருந்தது. மறுநாள் அதிலிருந்தே உறை. அதற்கு மறுநாளும் அதிலிருந்துதான்.

ஆறு மாதத்தில் சோதனை முடிந்தது. கிண்ணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். கூட இருந்த நோயாளிகள் ஒவ்வொருவராக மறுபடி முடங்கினார்கள், இனி முடிவுகளை ஆராய்ந்து அனுமதி வாங்கி மருந்து வெளியே வர வருஷக்கணக்காகும் என்றார்கள். டீச்சருக்கு மட்டும் ஒன்றும் திரும்பவில்லை. போர்டில் வட்டம் போட்டாள், கோலத்தில் சிக்குக்கோலமே போட்டாள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து தயிரைச் சோற்றில் பிசையும்போது, பிசைகிற விரல்களைப் பார்த்தாள். தயிரைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, புரிந்துவிட்டது. ஹெப்சிபாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் சட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். இருபது வருஷம் கழித்துத் திறந்த கையை யாருக்குத்தான் மூடிக்கொடுக்க மனசு வரும்?

இதற்கிடையில் மந்திரமூர்த்தியின் குடல் புண்ணாகிப்போனது. லாரி ஓட்டுகிறவனுக்கு வரக் கூடாத வியாதி. வள்ளியூர் தாண்டுவதற்குள் மூன்று தரம் வண்டியை ஓரங்கட்டிக் காட்டுக்குள் ஓடுவான், ரத்தமாகப் போகும். முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மலை மாதிரி இருந்த ஆள், வேட்டி இடுப்பில் நிற்காமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தான். டீச்சரே ஹெப்சிபாவிடம் அவனை அழைத்துப்போனாள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சோதனைகளில் இவரை ஒருக்காலும் சேர்க்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"எக்ஸ்ரே சரியில்லையாம்" என்றான் மந்திரமூர்த்தி. "வயித்துல வியாதி, நெஞ்சப் படம் புடிச்சா என்னத்தத் தெரியும்? இவங்க சோலி இப்படித்தான்."

டீச்சருக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு நாள் காலை உச்சினி கிண்ணத்தோடு வந்து நின்றாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அப்படி அவள் நின்றதே கிடையாது.

"டீச்சரக்கா, ஒரு கரண்டி உறைமோரு தாங்களேன்."

"உங்க வீட்டுல இல்லையாட்டி?"

"இருக்கு." உச்சினி டீச்சரின் கைகளையே பார்த்தாள். "நான் படிக்காதவதான். ஆனா உங்க தலையைப் பின்னுனவ நான்தான். மருந்து நின்ன பொறவும் உங்க கை எப்படி நிக்குன்னு எனக்குத் தெரியாதாக்கா? அந்தப் பூனை கவுத்த கதைய நீங்கதானே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னிய."

டீச்சர் விரல்களை ஒரு தரம் மடக்கிப் பார்த்தாள். உள்ளே போய்க் கரண்டியை எடுத்தாள். தயிர் தானே, வயிற்றுக்கு நல்லதுதானே என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். நீட்டிய கிண்ணத்தில் ஊற்றினாள்.

அய்யோ, அந்த மூன்று மாதங்கள்! மந்திரமூர்த்திக்கு ரத்தம் நின்றது, பசி எடுத்தது. எழுந்து உட்கார்ந்து "ஏளா, ரெண்டு ஆம்லெட் போடு" என்று உச்சினியை அதட்டியபோது, டீச்சர் தன் வீட்டில் இருந்தபடி அந்த அதட்டலைக் கேட்டு மகிழ்ந்தாள். சாவி திரும்பி வந்தது. தூத்துக்குடிக்கு உப்பு லோடு போய்விட்டு வரும்போது டீச்சருக்கு மக்ரூன் பொட்டலம் வாங்கி வந்தான். சுபியை லாரியில் முன்சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றினான்.

விஷயம் சும்மா இருக்குமா? கீழ்வீட்டுப் பிச்சம்மாளுக்கு முழங்கால் தேய்மானமா வாதமா என்று எந்த டாக்டருக்கும் பிடிபடாத வலி. கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டு ஏறுகிறவள். அவள் உச்சினியிடம் ஒரு கரண்டி வாங்கினாள். அவளிடம், உட்காரக் கால் மடங்காத தையல்காரர் மனைவி வாங்கினாள். எல்லாம் விளக்கு வைப்பதற்கு முன்னால், முறைப்படிதான். மழைக்காலம் வருவதற்குள் பி பிளாக்கின் எல்லா அடுக்களையிலும் அந்தத் தயிர்தான் தோய்ந்தது. பிச்சம்மாள் சாமிகளைக் கூப்பிடாமல் மாடியேறினாள்.

மார்கழியில் மந்திரமூர்த்தி இருமினான். லோடு தூசி என்றான். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். பிறகு துப்பியதில் ரத்தம். வயிற்றிலிருந்து போய்க்கொண்டிருந்த ரத்தம் இப்போது வாயிலிருந்து வந்தது.

டீச்சர் இரண்டு பஸ் மாறி ஹெப்சிபாவிடம் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஹெப்சிபா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றாள்.

"அந்த எக்ஸ்ரேல என்ன இருந்துச்சு தெரியுமா? பழைய டி.பி. தழும்பு. எப்பவோ சின்ன வயசுல வந்திருக்கும். நம்ம ஊர்ல நிறையப் பேருக்கு அந்தக் கிருமி நெஞ்சுல தூங்கிக்கிட்டுத்தான் இருக்கு. காவக்காரனுங்க அதைச் சுத்தி வேலி மாதிரி கைகோத்து நிக்கிறதால ஒண்ணும் செய்யாது. விசில் போச்சுன்னா வேலியும் கலைஞ்சிரும். அதான் அவரைச் சேக்கல."

"எங்ககிட்டச் சொல்லலையே தாயி."

"சொன்னோம். பழைய தழும்பு இருக்கு, ஆகாதுன்னு சொன்னோம். அவருக்குக் கேட்டது 'எக்ஸ்ரே சரியில்ல' மட்டும்தான். இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கணும்." ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்க வீட்டுப் பழைய தயிருல ஏதோ ஒரு கிருமி இருந்திருக்கு. நாங்க பூட்டி வச்ச அந்தச் சர்க்கரையை அது செஞ்சு செஞ்சு எங்க கிருமிக்குச் சோறு போட்டிருக்கு. எத்தனையோ லேபுல பாத்தோம். ஒரு வீட்டுச் சட்டியில பாக்கல."

மந்திரமூர்த்தியை வார்டில் சேர்த்தார்கள். டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். குடலில் இருக்கிற தயிர்க் கிருமியைக் கொல்லத் தனி மருந்தும் கொடுத்தார்கள். அது செத்துத்தான் போனது, விசில் திரும்பிவிட்டது. திரும்பிய விசில் கேட்ட காவலாளிகள் நெஞ்சுக்குப் போகும் வழியில் குடலையும் ஒரு கை பார்த்தார்கள். படுக்கையெல்லாம் ரத்தம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், செத்த கிருமி மறுபடியும் குடலில் இருந்தது.

"அந்தத் தயிரை எங்கேயோ சாப்பிடுதாரு" என்றாள் ஹெப்சிபா.

டீச்சர் உச்சினியை வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போனாள். உச்சினி மறைக்கவில்லை. முந்தானைக்குள் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். மோர்.

"ரத்தமாப் போகுதுக்கா. வலி தாங்காம சுவத்துல தலைய முட்டுதாக. இத ஒரு மடக்குக் குடுத்தா ரெண்டு நாள்ல நிக்கி. நான் என்ன செய்ய?"

"நெஞ்சு போயிரும்ட்டி. மாத்திரை பிடிக்காது."

"நெஞ்சு நாளைக்குப் போகும். வலி இப்பம்லா வலிக்கி." அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உங்க கை வலிச்சப்ப நீங்க நாளைக்கின்னு பாத்தியளாக்கா?"



சுகாதாரத் துறை ஆட்கள் வந்து வீடு வீடாகத் தயிர்ச்சட்டியை வாங்கிக் கொட்டி மருந்து தெளித்தார்கள். பெரியவர்களில் பாதிப் பேருக்கு நெஞ்சில் தழும்பு இருக்கலாம், பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து என்று ஹெப்சிபா மாடிப்படியில் நின்று தொண்டை வறளச் சொன்னாள். சுபிக்கு மட்டும் தனியாக, அப்பாவின் இருமலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த பிள்ளை என்பதால், தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அதோடு அந்தத் தயிர் ஒரு சொட்டும் அவள் வாயில் படக் கூடாது, பட்டால் மாத்திரையும் வீண் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். டீச்சர் முதல் ஆளாகத் தன் சட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்து, கிருமியைக் கொல்லும் மருந்தையும் வாங்கி விழுங்கினாள்.

பதினைந்து நாளில் விரல்கள் மடங்க மறுத்தன. மாசி பிறந்தபோது பழையபடி பத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. கொக்கி மாட்ட உச்சினி இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தாள். டீச்சர் நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாள், வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தாள். இந்த வலிக்குப் பதிலாக அவன் பிழைத்துக்கொள்வான் என்று கணக்கு டீச்சர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மந்திரமூர்த்தி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச்சேர்ந்தான்.

மறுநாள் காலை, எரித்துவிட்டு வந்த ஆண்கள் கீழே சாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பக்கத்து வீடுகளில் இருந்து தூக்குச்சட்டிகள் வந்தபடி இருந்தன. புளியோதரை, கத்தரிக்காய்த் துவட்டல், அதோடு எல்லா வீட்டில் இருந்தும் தயிர்ச்சோறு. துக்கத்தில் வேறு எதுவும் தொண்டையில் இறங்காது என்றுதான் அதைக் கொண்டுவருவது வழக்கம். மாடியில் வீட்டுக்குள் டீச்சர் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் இருந்தாள். உச்சினி எதிரில் சுருண்டு கிடந்தாள். அழுது முடித்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

பிச்சம்மாள்தான் பரிமாறினாள். சுபிக்குத் தட்டு வைத்து, தூக்குச்சட்டியில் இருந்து தயிர்ச்சோற்றை அள்ளி வைத்தாள்.

"பிச்சம்மா," என்றாள் டீச்சர், "பிள்ளைக்குத் தயிரு வேண்டாம்."

"அய்ய, இது கடைப் பாக்கெட்டுத் தயிரு டீச்சர். அதையெல்லாம் அன்னைக்கே கொட்டியாச்சுல்லா! நீங்க பாத்தியளே."

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு வைக்க எழுந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவள், தரையில் கை ஊன்றாமல், சுவரைப் பிடிக்காமல், ஒரு சாமியையும் கூப்பிடாமல், விசுக்கென்று எழுந்தாள்.

டீச்சர் அந்த முழங்காலையே பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். தையல்காரர் மனைவி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு சட்டியைக் கொட்டியவர்கள் ஆளுக்கு ஒரு கிண்ணத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"உச்சினி, பிள்ளைய நிறுத்துட்டி. அது அந்தத் தயிருதான்."

உச்சினி தலையைத் தூக்கவில்லை. "நேத்து மத்தியானத்துல இருந்து பச்சத் தண்ணி குடிக்கலக்கா அவ. இப்பந்தான் தட்டுல கை வச்சிருக்கா. தின்னட்டும், விடுங்க."

டீச்சர் நகர்ந்துபோய்த் தட்டைப் பிடித்தாள். விரல்கள் தட்டின் விளிம்பில் பட்டன, பிடிக்கவில்லை. இன்னொரு கையையும் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். தட்டு வழுக்கிக்கொண்டு சுபியிடமே நின்றது. இரண்டு கையும் இருந்தும் ஒரு சோற்றுத்தட்டைப் பிடுங்க முடியாதவளாகிவிட்டோமே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சுபி அவள் கையைப் பார்த்தாள். பார்த்து, தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"பெரியம்மாவுக்கும் பசிக்கா? மறுபடி கை வலி வந்துட்டுல்லா. இருங்க, நான் ஊட்டுதேன்." ஒரு உருண்டை உருட்டி, டீச்சரின் வாய்க்கு நேராக நீட்டினாள். "ஆ காட்டுங்க."

டீச்சர் அந்த உருண்டையைப் பார்த்தாள். தட்டில் இருந்த சோற்றையும் பார்த்தாள். இது தன் வாய்க்குள் போனால் பிள்ளை வாய்க்கு ஒரு உருண்டை குறையும். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

"இன்னும் ஒரு வாய் தா."

சுபி கொடுத்தாள். "இன்னும்" என்றாள் டீச்சர். மென்று விழுங்க நேரமில்லாமல் வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது, தாடையில் தயிர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. "இன்னும் தா தாயி, இன்னும்." சுபிக்கு அப்பா போன பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. தட்டைச் சுரண்டிச் சுரண்டி ஊட்டினாள். தட்டு காலியானது.

தலையை நிமிர்த்தியபோது அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை டீச்சர் கண்டாள். முகங்களில் கோபமில்லை. இத்தனை நாளும் திருடிபோல நடந்தவர்களுக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. தையல்காரர் மனைவி பக்கத்தில் இருந்தவளின் தோளை இடித்து, "பாத்தியா, டீச்சரே திங்காவ" என்றாள்.

"நான் அதுக்காகத் திங்கல..." என்று டீச்சர் தொடங்கினாள். வாய் நிறையச் சோறு, சொல் வெளியே வரவில்லை.

பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தாள். முந்தானையால் டீச்சரின் தாடையை அன்பாகத் துடைத்துவிட்டாள். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்து சுபியின் காலித்தட்டில் கரண்டி கரண்டியாக வைத்தாள்.

"இதுல என்ன வெக்கம் டீச்சர். நம்ம எல்லாருக்கும் வலிக்கத்தானே செய்யி. நல்லாச் சாப்பிடுங்க, பிள்ளையும் திங்கட்டும். வீட்டுல இன்னும் ஒரு சட்டி உறை ஊத்தி வச்சிருக்கேன்."